திருக்கேதாரத்துக்கு ஏறும் வழி



கேதார கௌரி நோன்பின் பெருமையை நேற்றே பேசி முடித்தோம். இன்று, அம்மை தவமிருந்த கௌரிகுண்டத்திலிருந்து ஐயன் திருமுன்பு வரை செல்லும் வழியைப் பற்றி மட்டும் சொல்ல விழைகின்றோம். தலத்தின் பெருமையை விரித்துரைத்து, அத்தலம் அமர்ந்துள்ள மண்ணைச் சொல்லாமல் விடுவது எம் போன்றார் வழக்கம். அது குறை என்பதை ஓர் அம்மையார் எமக்கு உணர்த்தினார். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

திருஞானசம்பந்தப் பெருமானும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் திருக்கேதாரத்தைப் பாடியருளினர். இருவரும் திருக்காளத்தியிலிருந்தே பாடினர் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. வடமலை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டவர் அப்பரடிகள். கயிலையை நாடிச் சென்ற அவருக்குக் காலும் கையும் உடலும் தேய்ந்தன. இமயத்து நடை எளிதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்று சோன்பிரயாகை வரை பேருந்து உண்டு. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ஜீப்பில் சென்றால் கௌரிகுண்டம். அம்மை பெயரால் அங்கிருந்த வெந்நீர்க் குளம் 2013ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது. அவ்வூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,000 மீட்டர். கோயில் 3,583 மீட்டர். இவ்வளவு ஏற்றத்தையும் ஒரே நாளில் ஏற முனைவோர் பலர். மேலே கிடைக்கும் உயிர்வளி கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. நடக்க இயலாதார்க்குக் குதிரை உண்டு. நால்வர் சுமக்கும் டண்டி உண்டு. ஒருவர் முதுகுக் கூடையில் சுமக்கும் கண்டி உண்டு. இக்காலத்தில் ஹெலிகாப்டரும் உண்டு. முதியோர் அதில் செல்வதை நாம் குறை கூறோம். ஆனால் சில நிமிடத்தில் அவ்வுயரத்தில் இறங்கிய உடல் திகைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

நாம் முதன்முறை 2006இல் சென்றபோது வழி பதினான்கு கிலோமீட்டர். ஜங்கிள்சட்டி, பீம்பலி, ராம்பாடா, கருடசட்டி என்னும் தங்குமிடங்கள் வழிநெடுக இருந்தன. ராம்பாடா ஏறக்குறைய நடுவழி. அங்கே உருளைக்கிழங்கு வைத்த ரொட்டியும் தேநீரும் உண்டு, கால்களை நீட்டி ஒரு நாழிகை அமர்ந்திருந்தோம். கடைக்காரர் நம் திருநீற்றைக் கண்டு, தெற்கிலிருந்தா என்று வினவி, இரண்டாம் முறை ஊற்றிய தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார்.

அவ்விடத்தில் மலையின் வடிவே மாறுகின்றது. ராம்பாடாவுக்குக் கீழே மந்தாகினி இரு மலைகளுக்கிடையே ஆழ அறுத்துக்கொண்டு ஓடுகின்றாள்; பள்ளத்தாக்கு ஆப்பு வைத்துப் பிளந்தது போல் ஒடுங்கியிருக்கும். மேலே செல்லச் செல்ல அது அகன்று, அடி பரந்து, தொட்டில் போல் விரிகின்றது. அத்தொட்டிலைக் குடைந்தது நீரன்று, பனி. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் பனியாறு ராம்பாடா வரை இறங்கியிருந்தது என்பர் நிலவியலார். அப்பனி பின்வாங்கியபோது விட்டுச்சென்ற கல்லும் மணலுமே மேற்பள்ளத்தாக்கின் தளம். சோராபாரி பனியாறு இப்பொழுது கோயிலுக்கு வடக்கே சற்று மேலே நிற்கின்றது. அதன் பின் 6,940 மீட்டர் உயரமுள்ள கேதாரச் சிகரம். மந்தாகினிக்கும் சரசுவதி என்னும் ஓடைக்கும் இடையே உள்ள அக்கல்மேட்டில் திருக்கோயில் அமைந்துள்ளது. மேலும் எட்டுக் கிலோமீட்டர் கடுநடை நடப்பார் வாசுகி ஏரியைக் காணலாம். நமக்கு அது கிட்டவில்லை.

பனி விட்டுச்சென்ற நிலம் இறுகிய நிலமன்று. ஆற்றின் பழைய தடங்களில் விடுதிகள் எழுந்தன. 2013 ஜூன் 16 மாலை பெருமழையில் ஓடைகள் கரை புரண்டன. மறுநாள் காலை, பனியாற்றின் ஓரக் கற்கரை தடுத்து நிறுத்தியிருந்த சோராபாரி ஏரி உடைந்து இறங்கியது. ராம்பாடா என்னும் ஊர் இல்லையாயிற்று. உத்தராகண்டம் முழுவதும் இறந்தோரும் காணாமற்போனோரும் ஐயாயிரவருக்கு மேல்.

கோயிலின் பின்புறம் ஒரு பெரும்பாறை வந்து நின்று வெள்ளத்தை இருபுறமும் பிரித்ததும், கருவறை நிலைத்ததும் நீங்கள் அறிந்தவை. நாமும் அப்பாறையைக் கண்டு கைகுவித்தோம். ஆனால் மேடைதோறும் அதனை மட்டும் பேசுகின்றோமே, பாறை வந்து நில்லாத இடத்தில் இருந்தவர்களைப் பற்றி என்ன சொல்கின்றோம்? அவர்கள் வினைப்பயன் என்று ஒருவர் பேசக் கேட்டோம். அச்சொல் நமக்கு உடன்பாடன்று. பிறர் வினையை அளந்து சொல்லும் உரிமை நமக்கு எவரும் தரவில்லை.

அந்த அம்மையாரின் மகன் அவ்வெள்ளத்தில் திரும்பாதவர். ஒரு நோன்பு நாளில் அவர் இல்லம் சென்று, மகன் சிவபதம் சேர்ந்தான் என்று வழக்கமான ஆறுதல் மொழிகளைக் கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின், "அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. வழி எப்படியிருக்கும்? அதைச் சொல்லுங்கள்" என்றார். இங்கே உங்களுக்குச் சொன்னதை அன்று அவருக்குச் சொன்னோம். ஒவ்வொரு திருப்பத்திலும், அங்கே நிழல் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா என்று வினவினார்.

2017இல் மீண்டும் சென்றோம். வழி இப்பொழுது நீண்டுவிட்டது. ராம்பாடா இருந்த இடத்தில் பாலம் கடந்து எதிர்க்கரைக்குச் சென்று லிஞ்சோலி வழியாக ஏற வேண்டும். ஏற்றம் பழைய வழியினும் செங்குத்து. அப்புதிய வழியும் 2024 ஜூலை 31 இரவு பெய்த மழையில் பல இடங்களில் அறுந்து, பின்னர்ச் செப்பனிடப்பட்டது. நாம் நோன்பு நோற்கும் ஐப்பசி அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் அங்கே திருக்கதவம் அடைபடும். பெருமான் உக்கிமடத்துக்கு எழுந்தருள்வார். அதன்பின் ஆறு திங்கள் பனி அவ்வழியை மூடும்.

பாலத்தருகே ஒரு கல்லில் அமர்ந்திருந்தோம். தேநீர்க்கடை எங்கிருந்தது என்று தேடினோம். எல்லாம் கல்லாகவே இருந்தது. கோவேறு கழுதைகள் மணி ஒலிக்கக் கடந்து சென்றன.

ஊர் திரும்பி அம்மையாரிடம் திருநீறு அளித்தோம். அவர் கேட்டது ஒன்றே: "அங்கே ஆனி மாதத்திலும் குளிருமா?" குளிரும் என்றோம்.

"கம்பளி எடுத்துக்கொண்டுதான் போனான், ஐயா" என்றார்.