ஒலியைப் பிடிக்கக் கற்போம்

(இசைப்பயிற்சி பெறும் இளைஞரிடையே ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பாடத் தெரிந்தவர் நம்மிடை மிகப் பலர். பாடியதைப் பழுதின்றிப் பதிந்துவைக்கத் தெரிந்தவரோ மிகச் சிலர். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் நெஞ்சிற் சுமந்திருந்த மூதாட்டியர் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்தம் குரலைப் பதிந்தோம் என்று சிலர் கொணர்ந்து காட்டும் பதிவுகளைக் கேட்டிருக்கின்றேன். மின்விசிறியின் இரைச்சலும் தெருவண்டியின் உறுமலும் தெளிவாகக் கேட்கின்றன. பாட்டி பாடியது மட்டும் கேட்கவில்லை! பெரும்பாலும் அது கருவியின் குறை அன்று. அடிப்படை அறியாமையின் விளைவு. அவ்வடிப்படையைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

முதற்கண் பெயர்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் ஊர்களில் எல்லாவற்றையும் 'மைக்கு செட்டு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றனர். ஒலியை மின்னலையாக மாற்றுவது ஒலிவாங்கி. அம்மின்னலையை வலுப்படுத்துவது மிகைப்பி. வலுப்பெற்ற மின்னலையை மீண்டும் ஒலியாக்கி வெளிவிடுவது ஒலிபெருக்கி. மூன்றும் மூன்று வேலை. கரகரப்பு எங்கே பிறந்தது என்று தேடுபவனுக்கு இம்மூன்றும் தனித்தனியே தெரிந்திருத்தல் வேண்டாவா? நல்ல தமிழ்ச்சொல் ஈண்டு பழுதுபார்க்கும் கருவியாகவே பயன்படுகின்றது காண்க!

ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குதல். ஒரு நொடிக்கு எத்துணை முறை ஏறி இறங்குகின்றதோ அதுவே அலைவெண். ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையுள்ள அலைவெண்களையே மாந்தச் செவி கேட்கும். எடிசன் 1877-இல் உருளைமேற் சுற்றிய வெள்ளீயத் தாளில் இவ்வசைவையே ஊசியாற் பதித்துவைத்தார். கணிப்பொறியோ அவ்வசைவை அளந்து எண்ணாக எழுதுகின்றது. குறுந்தட்டின் அளவுப்படி, நொடிக்கு 44,100 முறை அளக்கின்றது. ஏன் அவ்வளவு? ஓர் அலையைப் பிழையின்றி மீட்டெடுக்க வேண்டுமானால், அதன் அலைவெண்ணின் இருமடங்கிற்கு மேற்பட்ட முறை அளந்தாக வேண்டும் என்பது கணக்கியல் முடிபு. 20,000-இன் இருமடங்கு 40,000. அதற்குமேற் சிறிது இடம் விட்டிருக்கின்றனர், அவ்வளவே. ஒவ்வோர் அளவையும் 16 இருமக் குறிகளால் எழுதினால் 65,536 படிகள் கிட்டும். 24 குறிகளால் எழுதினால் 1,67,77,216 படிகள். பதியும்போது பின்னதையே தேர்க.

ஒலிவாங்கியில் இருவகை பெருவழக்கு. காந்தத்தின் இடையே கம்பிச்சுருள் அசைந்து மின்னோட்டம் பிறப்பிப்பது ஒன்று, வல்லோசையைத் தாங்கும், பறைக்கு ஏற்றது. மெல்லிய தகடும் அதன் பின்தகடும் நெருங்கி விலகுவதால் மின்னலை பிறப்பிப்பது மற்றொன்று, நுண்மை மிக்கது, பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டுவது. ஒருபக்கமாகக் கேட்கும் ஒலிவாங்கியை வாயருகே ஒட்டிவைத்தால் தாழொலி பருத்துவிடும். எட்டி வைத்தால் அறையின் எதிரொலியே மேலோங்கும். ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை வைத்துப் பார்த்துச் செவியால் முடிவு செய்க. வெறுஞ்சுவர் அறை வேண்டா. பாயும் மெத்தையும் துணிமணியும் நிறைந்த சிற்றறை, விலைமிக்க கருவியினும் மிகுதியாக உதவும்.

இனி, ஒலியளவு. பறையின் அடிக்குச்சி தோலில் விழும் அந்த நொடிப்பகுதியில் எழும் அலை மிக உயரமானது. கணிப்பொறி எழுதக்கூடிய உச்ச எண்ணை அது தாண்டினால் அலையின் முடி வெட்டுண்டு போகும். வெட்டுண்டதை முழுமையாக ஒட்டவைக்க எந்த மென்பொருளாலும் இயலாது. ஆகவே, கலைஞரை உரக்க அடிக்கச் செய்து, உச்சத்திற்குக் கீழே 10 டெசிபெல் அளவேனும் இடம் விட்டுப் பதிக. குறைவாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்திக் கொள்ளலாம்.

நம் இசைக்கே உரிய இடர் ஒன்றுண்டு. மின்னிசைக் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள 1983-இல் 'மிடி' என்னும் முறை வந்தது. அது ஒலியைச் சுமப்பதில்லை. எந்தக் கட்டையை எவ்வளவு விசையுடன் அழுத்துவது என்னும் ஏவலையே சுமக்கின்றது. அவ்வேவலை ஏற்கும் கருவிகள் பெரும்பாலும் ஒரு மண்டிலத்தைப் பன்னிரு சமக் கூறுகளாக வெட்டிவைத்திருப்பவை. அங்கே குரலுக்கு ஐந்தாம் நரம்பாகிய இளி, 2-க்கு 3 என்னும் இயல்பளவை ஏறத்தாழத் தொடுகின்றது. மூன்றாம் நரம்போ 4-க்கு 5 என்னும் இயல்பளவினும் உயர்ந்தே நிற்கின்றது. தேவாரப் பண்ணின் குழைவு, கட்டைக்கும் கட்டைக்கும் இடையிலன்றோ வாழ்கின்றது! 1997-இல் வந்த சுருதி திருத்தும் மென்பொருளை அளவறியாது ஏவினால், அக்குழைவைப் பிழையென்று கருதி இழைத்துத் தள்ளிவிடும். அக்கருவிகளை வெறுக்கச் சொல்லவில்லை. நரம்பளவை மாற்றியமைக்கும் வழியும், ஒலியை வளைக்கும் சக்கரமும் அவற்றிலேயே உண்டு. தேடிக் கற்றவனுக்கு அவை அடங்கும். கல்லாதவன் பாட்டை அவை அடக்கும்.

பதிந்ததை 'எம்பி3' ஆகச் சுருக்கி முதற்படியை அழித்துவிடாதீர். செவிக்குப் புலப்படாதென்று கணித்தவற்றை அது கழித்துவிடுகின்றது, கழித்தது மீளாது. 24 குறிகளால் எழுதிய சுருக்காத 'வேவ்' கோப்பு, இரட்டைத் தடத்தில் நிமையத்திற்கு ஏறத்தாழ 16 மெகாபைட்டு இடங்கொள்ளும். கொள்ளட்டும்! மூன்று படி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை, அவர் இசைவுடன், பதிவின் தொடக்கத்திலேயே வாயாற் சொல்லுங்கள்.

'ஆடாசிட்டி' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. இன்றிரவே மின்விசிறியை நிறுத்தி, ஒரே பாட்டை ஒரு சாண், ஒரு முழம், நான்கு முழம் என மூன்று தொலைவிற் பதிந்து கேளுங்கள். அடுத்த கிழமை வரும்போது அம்மூன்றையும் கொண்டுவாருங்கள்; ஒன்றாக அமர்ந்து கேட்போம்.