பாட்டன் காலத்து வழக்கமும் இறைவனின் கட்டளையும்

(வானொலி மறையுரை – பொதுக்காலம் 22ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: மாற்கு 7:1-8, 14-15, 21-23)



ஆகஸ்ட் 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் அன்னையின் கொடி ஏறுகிறது. காவி உடுத்தி, சிறு தேரை இழுத்தபடி, நம் சாலைகளில் மக்கள் சாரிசாரியாக நடக்கிறார்கள். பாட்டி நடந்த பாதையில் பேத்தி நடக்கிறாள். இந்த நாள்களில், வழக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசும் நற்செய்தியைத் திருச்சபை நம் கையில் கொடுக்கிறது.

பரிசேயரும் மறைநூல் அறிஞரும் இயேசுவிடம் வருகிறார்கள். "உம் சீடர்கள் ஏன் மூதாதையர் மரபை மீறிக் கழுவாத கையால் உண்கிறார்கள்?" என்பது அவர்களுடைய கேள்வி. கை கழுவுவது தவறு என்று இயேசு சொல்லவில்லை. மனிதர் வகுத்ததைப் பிடித்துக்கொண்டு கடவுளின் கட்டளையைக் கைவிடுவதைத்தான் அவர் கண்டிக்கிறார். அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறார். இன்றைய வாசகத்தில் அந்தப் பகுதி வராது, வீட்டில் எடுத்துப் படியுங்கள். தாய் தந்தைக்குச் செய்ய வேண்டியதை, 'கொர்பான்', அதாவது இது கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லிவிட்டால் மகன் தப்பித்துக்கொள்ளலாம். பக்தியின் பெயராலேயே நான்காம் கட்டளை உடைகிறது!

அப்படியானால் மரபே வேண்டாமா? கத்தோலிக்கர் அப்படிச் சொல்வதில்லை. விவிலியமே திருச்சபையின் மரபு வழியாகத்தான் நம் கைக்கு வந்தது. நற்கருணையைப் பற்றி எழுதும்போது பவுலடியார், தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 11:23). திருத்தூதர் வழியாக வந்த அந்தத் திருமரபு வேறு, காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப வளர்ந்த வழக்கங்கள் வேறு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 83) இந்த வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. வழக்கங்களைத் திருமரபின் ஒளியில் வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விட்டுவிடவும் செய்யலாம். திருச்சபையின் ஆசிரியமே இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணிபுரிவது என்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இறைவெளிப்பாடு' ஏடு (எண் 10). ஆசிரியத்துக்கே அப்படியென்றால், ஊர் வழக்கத்துக்கு எப்படி விலக்கு இருக்கும்?

சம்பாவுக்கு நாற்றங்கால் போடும் நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. தண்ணீரில் உப்பைக் கரைத்து, கோழிமுட்டை மிதக்கும் பதம் வந்ததும் விதைநெல்லைக் கொட்டுவோம். பதர் மேலே மிதக்கும், கனத்த மணி அடியில் தங்கும். பாட்டன் கொடுத்த விதை என்பதற்காக யாரும் பதரை விதைப்பதில்லை. சோதிப்பதால் பாட்டனை அவமதித்ததாகவும் ஆகாது. அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளச் சொல்லும் தெசலோனிக்கர் திருமுகமும் (1 தெசலோனிக்கர் 5:21) இதைத்தான் கேட்கிறது.

நம் மண்ணில் இந்தச் சோதனை நடந்த வரலாறு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார், தமிழ் கற்றார். புதிதாக மனம் மாறியவர்கள் குடுமி, பூணூல், சந்தனம் வைத்திருக்கலாமா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. மூடநம்பிக்கையை நீக்கிவிட்டு அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். அதே மடலில், குலப்பெருமை பேசுவோர் எளியோரை, குறிப்பாக ஆலயத்தில், இழிவாக நடத்தலாகாது என்றும் வேண்டிக்கொண்டார். முதல் பாதியை நம் முன்னோர் நன்றாகக் கேட்டார்கள். இரண்டாம் பாதி பலர் காதில் விழவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தில், ஒரே பலிபீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள், சாதிக்கு ஒன்றாக. நடுவே சுவர்! 1910இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. இடித்த சுவர் மீண்டும் எழவில்லை.

நம் தஞ்சையிலும் இந்தக் கதை உண்டு. 1833இல் ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்க ஆணையிட்டபோது, இங்கே பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பெரும் புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், செபிக்கத் தெரிந்தவர்கள். "சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலிருந்தே இப்படித்தான்" என்பது அவர்களுடைய வாதம்.

இன்று நமக்கும் அதே வாதம்தான் வாயில் வருகிறது. "சாமி, இது நேத்து வந்ததா? பாட்டன் காலத்து வழக்கம். இதுல கை வைக்காதீங்க!" எதில் கை வைக்கக் கூடாதாம்? திருவிழாத் தேர் எந்தத் தெருவரை போகும், எந்தத் தெருவுக்குள் திரும்பாது என்பதில். தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குவது, மண்டகப்படி யாருக்குக் கொடுப்பது என்பதில். கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்பதில். ஞாயிறன்று ஒரே அப்பத்தை உண்டவர்கள், இறந்த பிறகு ஒரே மண்ணில் கிடக்க முடியாதாம்!

இதை இறைவார்த்தையில் போட்டுப் பாருங்கள். கொர்னேலியு வீட்டுக்குள் போனவர் பேதுரு, ஆள் பார்த்துக் கடவுள் நடத்துவதில்லை என்று அறிந்தவர். அவரே அந்தியோக்கியாவில், சிலர் வந்ததும் அஞ்சி, பிற இனத்தாரோடு உண்பதை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னும் கண்டித்தார் (கலாத்தியர் 2:11-14). பேதுருவுக்குத் தெரியாமல் இல்லை, அவர் பயந்தார். நம்மிலும் பலருக்குத் தெரியும். "ஊர் என்ன சொல்லும், நாளைக்குப் பெண் கொடுப்பானா" என்ற பயம்தான் தடுக்கிறது. அந்தப் பயத்துக்குத்தான் 'வழக்கம்' என்று பெயர் வைக்கிறோம். அடுத்த ஞாயிறு யாக்கோபு திருமுகம், ஆலயத்துக்குள் பொன்மோதிரக்காரருக்கு ஓர் இடமும் ஏழைக்கு வேறோர் இடமும் தருவதைப் பற்றி நம்மிடம் கேட்கும். பகைமை என்னும் சுவரைக் கிறிஸ்து தம் உடலிலே இடித்தார் என்கிறது எபேசியர் திருமுகம் (2:14). அவர் இடித்ததை நாம் கட்டலாமா?

திருவழிபாட்டில் தனி ஆள்களுக்கோ வகுப்பினருக்கோ தனிச் சிறப்புக் கூடாது என்று சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது புனித இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதி மனப்பான்மையின் சாயல்கூட இருக்கலாகாது என்றார். இனி ரோமிலிருந்து புதிதாக ஒரு மடல் வரத் தேவையில்லை.

ஆகவே, எந்த வழக்கத்தையும் மூன்று கேள்விகளில் போட்டுப் பார்ப்போம். இது திருத்தூதர்கள் தந்ததா, ஊர் தந்ததா? கடவுளின் கட்டளையைக் கடைப்பிடிக்க இது உதவுகிறதா, தப்பிக்க வழி சொல்கிறதா? இது யாரை வெளியே நிறுத்துகிறது? புதுநெல்லைப் பீடத்துக்குக் கொண்டுவருவது, வாசலில் கோலம், மணமேடையில் மந்திரித்த தாலி, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம், எல்லாம் இதில் கனத்த மணியாகத் தங்கும். ஆனால் வீட்டில் தாய்க்குச் சோறு போடாமல் நடந்தால், அந்த நடையும் கொர்பான்தான். ஒரு தெருவின் முனையோடு திரும்பிவிடும் தேர் மிதக்கும்.

இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் மாற்கு 7ஆம் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பங்குப் பேரவை திருவிழாவுக்குக் கூடும்போது, வரவு செலவுக்கு முன்னால் தேர் போகும் பாதையைப் பேசுங்கள். யாராவது ஒருவர் முதலில் வாய் திறக்க வேண்டும். அவர் தனியாக நிற்காதபடி இரண்டாவது ஆளாக நீங்கள் எழுந்து நில்லுங்கள்.

மாசற்ற சமயப்பற்று துயருறும் அநாதைகளையும் கைம்பெண்களையும் கவனிப்பது என்று இன்றைய இரண்டாம் வாசகம் நினைவூட்டுகிறது. வெளியே நிறுத்தப்பட்டவர்களைத் தேடிப் போன இயேசு, நம் தேருக்கும் நம் மனத்துக்கும் வழி காட்டுவாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.