தரம் நம் கையில், விலை யார் கையில்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் பல வருடங்களாக அடிபட்டு வந்த ஒரு சொல் இப்போது லயத்து வாசலுக்கே வந்துவிட்டது. அவுட்குரோவர் முறை என்கிறார்கள். "நாட்சம்பளக் கணக்கு இனி வேண்டாம். இத்தனை செடி உங்கள் குடும்பத்துக்கு. நீங்களே புல் வெட்டுங்கள், உரம் போடுங்கள், கொழுந்து எடுங்கள். கொழுந்தை எங்கள் ஸ்டோருக்கே கொடுங்கள், கிலோவுக்குக் காசு தருகிறோம். நீங்கள் இனிமேல் தொழிலாளி இல்லை, சிறு முதலாளி." இதுதான் சொல்லப்படுகிறது. கையெழுத்துப் போடலாமா, கூடாதா என்று நம் அங்கத்தவர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

சிறிய அளவில் தேயிலை செய்வது இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டபோது அவரிடம் பெரிய தொழிற்சாலை இருக்கவில்லை. பங்களா வராந்தாவில் மேசை போட்டு, கொழுந்தைக் கையாலேயே உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டிக் காய வைத்தார்கள். 1873இல் லண்டனுக்குப் போன முதல் சரக்கு 23 இறாத்தல்தான். அந்த 23 இறாத்தலும் தரத்தால்தான் பெயர் எடுத்தது. பெரிய யந்திரங்கள் பின்னால் வந்தவை.

இன்றைக்கும் நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் சிறு தோட்டக்காரர்களின் கொழுந்திலிருந்து வருகிறது. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் அவர்கள். ஆகவே, சிறு தோட்டம் என்றாலே நட்டம் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கு இருப்பவை நமக்கும் கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.

முதலில் தரத்தைப் பற்றிப் பேசுவோம். இரண்டு இலையும் ஒரு அரும்பும் என்பது பாடப் புத்தகத்தில் உள்ள வாசகம். மலையில் அது எப்படி நடக்கிறது என்பது நம் அக்காமாருக்குத் தெரியும். ஏழு நாளைக்கு ஒரு முறை அதே மலைக்குத் திரும்பி வந்தால் இளங்கொழுந்து கிடைக்கும். ஆள் பற்றாக்குறை என்று பன்னிரண்டு, பதினான்கு நாள் தள்ளிப் போனால் இலை முற்றிவிடும். அப்போது எவ்வளவு கெட்டிக்காரக் கையானாலும் முற்றல் இலைதான் கூடையில் விழும். எடுத்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கித் திணித்தால் உள்ளே சூடேறும். வெயிலில் லொறிக்குக் காத்துக் கிடந்தால் ஸ்டோருக்குப் போகும் முன்பே சிவந்துவிடும். வாட்டுவதற்கு முன்பே சிவந்த கொழுந்தில் எந்த டீமேக்கராலும் நல்ல தேயிலை எடுக்க முடியாது.

தேயிலைச் சபை 'பி 60' என்று ஒரு அளவு சொல்கிறது. ஸ்டோருக்கு வரும் கொழுந்தில் நூற்றுக்கு 60 பங்காவது நல்ல கொழுந்தாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல நோக்கம்தான். ஆனால் தோட்டத்தில் நம்மிடம் கேட்பது என்ன? கிலோ. கிலோ குறைந்தால் அரைப்பேர். எடைக்கு மட்டும் பேர் போட்டுவிட்டு, ஏலத்தில் விலை இறங்கியதும் "பெண்கள் கண்டபடி பறிக்கிறார்கள்" என்று பழி சொல்வது எந்த நியாயம்? எதற்குக் காசு கொடுக்கிறார்களோ அதுதான் கூடைக்குள் வரும்.

இனி விலைக்கு வருவோம். சிறு தோட்டக்காரர் தன் கொழுந்தை ஸ்டோருக்குக் கொடுக்கும்போது அதற்கு ஒரு பங்கு முறை இருக்கிறது. அந்த ஸ்டோரின் தேயிலை விற்ற சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தேயிலை கிலோ 1,000 ரூபாவுக்கு விற்றால் 68 வீதம் 680 ரூபா. நாலரையால் பிரித்தால் கிலோ கொழுந்துக்கு 151 ரூபா. தரம் கூடி அதே தேயிலை 1,200 ரூபாவுக்கு விற்றால் கிலோ கொழுந்துக்கு 181 ரூபா. 20 கிலோ எடுக்கும் ஒரு அக்காவுக்கு ஒரு நாளில் 600 ரூபா வித்தியாசம். நல்ல கொழுந்தின் பெறுமதி அவ்வளவு.

அதே கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். ஈரம் என்றும், சாக்கு என்றும், முற்றல் என்றும் சொல்லித் தராசில் 2 கிலோ வெட்டினால், 151 ரூபாப்படி 302 ரூபா போய்விடும். தரத்தால் வந்த 600 ரூபாவில் பாதியைத் தராசு தின்றுவிடும். தரம் நம் கையில் இருக்கிறது, தராசு வேறு கையில் இருக்கிறது. நம் பிரச்சினை முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

அடுத்தது, சிறு முதலாளி என்று பெயர் வைத்தவுடன் எவை போகின்றன? சம்பளத்தோடு வரும் ஊழியர் சேமலாப நிதியில் தோட்டம் கட்டும் 12 வீதம், நம்பிக்கை நிதியின் 3 வீதம், சேவைக்காலப் பணம், பிரசவ லீவுச் சம்பளம். இவையெல்லாம் தொழிலாளி என்ற பெயரோடு கட்டப்பட்டவை. செடியை நம்மிடம் தந்துவிட்டு இந்தப் பெயரை எடுத்துக்கொண்டால், வரும் வருமானத்தில் இவற்றையும் கழித்துத்தான் இலாப நட்டம் பார்க்க வேண்டும்.

நட்டம் வந்தால் யாருக்கு? 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது நினைவிருக்கும். கொழுந்து குறைந்தபோது சிறு தோட்டக்காரர் தன் வயிற்றைக் கட்டித்தான் தாங்கினார். அவருக்கு நிலமாவது சொந்தம். நமக்கு? தோட்டக் காணி அரசுடையது. 1992க்குப் பிறகு நிர்வாகத்துக்கு வந்த கம்பனிகள் அதை நீண்டகாலக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. குத்தகைக்காரர் நமக்கு உறுதிப்பத்திரம் தர முடியாது. பத்து வருடம் உழைத்து, கவ்வாத்து வெட்டி, வெற்றிடங்களில் கன்று நட்டு வளர்த்த செடியை ஒரு கடிதத்தில் திருப்பி எடுத்தால் என்ன செய்வோம்?

அதற்காக, வேண்டவே வேண்டாம் என்று கதவைச் சாத்தச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டு வீட்டு வேலைக்கும் போகிறார்கள். சொந்தமாக ஒரு தொழில் என்றால் மலையிலேயே நிற்கத் தயாராக இருப்பவர்களும் அவர்களில் உண்டு. ஊவாவில் அம்பா தோட்டத்தில் கையால் உருட்டிய தேயிலை செய்து, வருமானத்தில் ஒரு பங்கைத் தொழிலாளருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். சிறிய அளவு, உயர்ந்த தரம், நல்ல விலை என்பது இந்த மலைகளில் நடக்கக்கூடிய காரியம்தான். அதற்கும் ஒழுங்கு வேண்டும். தேயிலை தயாரித்து விற்கப் பதிவு வேண்டும். சிங்க இலச்சினை போட வேண்டுமானால், அது இலங்கையில் பொதி செய்த சுத்தமான இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். பதிவில்லாமல் குசினியில் வறுத்து விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். பிடிபடுவது நாம்தான்.

ஆகவே, ஒப்பந்தத் தாள் வந்தால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைக் கமிட்டி சார்பில் முன்வைக்கிறோம்.

ஒன்று: தாள் தமிழில் இருக்கிறதா? ஒரு பிரதி நம் கையில் தருவார்களா?

இரண்டு: செடி எத்தனை வருடத்துக்கு? குடும்பத் தலைவர் இறந்தால் மனைவி, பிள்ளைக்கு வருமா? கணவன், மனைவி இருவர் பெயரும் எழுதப்படுமா?

மூன்று: கொழுந்து விலை எப்படி வரும்? 68க்கு 32 என்ற பங்கு நமக்கும் உண்டா? ஸ்டோரின் மாதச் சராசரி விலையை அறிவித்தல் பலகையில் போடுவார்களா?

நான்கு: நிறுவையின்போது நம் ஆள் ஒருவர் நிற்கலாமா? எடை கழித்தால் காரணம் எழுதித் துண்டு தருவார்களா? வேறு ஸ்டோருக்குக் கொழுந்து கொடுக்க அனுமதி உண்டா?

ஐந்து: சேமலாப நிதி, சேவைக்காலப் பணம், பிரசவ உதவி, லயக் காம்பரா, இவை என்ன ஆகும்?

ஐந்துக்கும் எழுத்தில் பதில் வரும்வரை யாரும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். தனித்தனியாகப் போனால் தனித்தனி விலைதான் கிடைக்கும். ஏற்கெனவே செடி எடுத்தவர்கள் இருந்தால் அவர்களைத் திட்ட வேண்டாம், கூப்பிட்டு உட்கார வையுங்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு தராசு வாங்கலாம். ஒரு கொப்பியில் தினமும் எடையும் கழிவும் எழுதலாம். மூன்று மாதக் கொப்பி கையில் இருந்தால் துரையிடமும், தொழில் திணைக்களத்திலும் நாம் பேசுவது வேறு பேச்சாக இருக்கும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டமும் இரண்டு விடயங்களோடு வர வேண்டும்: உங்கள் தோட்டத்தில் கொடுக்கப்பட்ட தாளின் பிரதி, ஒரு வாரத்து நிறுவைக் கணக்கு. அவற்றை வைத்துத்தான் நிர்வாகத்தோடு பேச்சுக்குப் போகிறோம்.