புதுச்சேரி கண்ட இரட்டை விண்மீன்

1689 டிசம்பர். புதுச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார் பிரெஞ்சுப் பாதிரியார் ழான் ரிஷோ. பக்கத்தில் பளிச்சென்று ஆல்ஃபா சென்டாரி. ஒற்றை விண்மீன் என்று உலகம் நம்பியிருந்த அது, அவருக்கு இரண்டாகத் தெரிந்தது! நம் மண்ணில் நடந்த எவ்வளவு அருமையான கண்டுபிடிப்பு! அன்று கேமரா ஏது? கண்ணும் பேனாவும்தான்.

இன்று கைபேசியே போதும். அடுத்த வால்நட்சத்திரம் வரும்போது, பாகூர் ஏரிக்கரை மாதிரி இருட்டான இடத்துக்குப் போங்கள். கைபேசியை முக்காலியில் நிறுத்தி, அருகிலுள்ள பிரகாசமான விண்மீனை வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தொட்டால் படம் ஆடிவிடும். 10 விநாடி ஒளி விழுந்தால், கண்ணுக்கு மங்கலான வாலும் பதியும்.

ரிஷோ பார்த்த விண்மீனை மே மாத இரவு 10 மணிக்கு, தெற்கே தாழ்வாகப் பார்க்கலாம்.