நோயொடு நடந்த இத்சிங்

(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாடநூல்கள் பழைய யாத்திரிகர்களை மூன்று வரிகளில் முடித்துவிடுகின்றன. எந்நாட்டினர், எம்மன்னன் காலத்தில் வந்தனர், என்ன எழுதினர் என்பதோடு சரி. அவர்களுக்கும் காய்ச்சல் கண்டிருக்கும், கால் ஓய்ந்திருக்கும் என்று எவரும் எண்ணுவதில்லை. பாஹியானுடன் வந்த துறவி ஒருவர் பனிமலைக் கணவாயில் குளிர் தாங்காது அவர் கண்ணெதிரே உயிர் நீத்தார். காஞ்சி வரை வந்து, திராவிட நாட்டில் நிர்க்கிரந்தர் மிகுதியாக இருந்தமையைக் குறித்து வைத்த யுவான் சுவாங்கோ, பனிமலைகளைக் கடக்கையில் பற்றிய குளிர்நோயை வாழ்நாளெல்லாம் சுமந்தார். நாடு திரும்பிப் பதினோர் ஆண்டுகள் கழிந்த பின்னும், 656ஆம் ஆண்டில், அந்நோய் மீண்டும் எழுந்து அவர் உயிருக்கே ஊறு செய்ய முனைந்தது.

இவர்களுக்குப் பின் வந்தவர் இத்சிங். 635இல் பிறந்த இவர், 671ஆம் ஆண்டின் இறுதியில் காண்டன் துறைமுகத்திலிருந்து மரக்கலம் ஏறினார். உடன் வருவதாகச் சொன்னோர் பலர். கலத்தில் ஏறியவரோ ஷான்சிங் என்னும் இளந்துறவி ஒருவரே. அவரும் ஸ்ரீவிஜயம் சேர்ந்ததும் நோயுற்றுத் தாயகம் திரும்பிவிட்டார். இத்சிங் தனித்தார். ஆறு திங்கள் அங்குத் தங்கி வடமொழி பயின்று, கடாரம் வழியாகக் கடல் கடந்து, 673இல் வங்கத்தின் தாம்ரலிப்தி துறையை அடைந்தார். இன்றைய தம்லுக் அதுவே. மகாயானப்பிரதீபர் என்னும் மூத்த துறவியை அங்குக் கண்டு, அவருடன் ஓராண்டு தங்கி மொழி கற்றார்.

674இல் இருவரும் நூற்றுக்கணக்கான வணிகருடன் நாளந்தா நோக்கிப் புறப்பட்டனர். மகாபோதிக்குப் பத்து நாள் வழி இருக்கையில் பெருமலையும் சதுப்பும் குறுக்கிட்டன. துணையின்றிக் கடத்தற்கரிய வழி அது. அவ்விடத்திலேதான் பருவநோய் இத்சிங்கைப் பற்றியது. உடல் தளர்ந்தது. ஐந்து லி தொலைவு, அதாவது நம் கணக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான வழியை நடக்க நூறு முறை நின்றதாக அவரே எழுதுகிறார். பிரதீபரும் நாளந்தாத் துறவியர் இருபதின்மரும் முன்னே சென்றுவிட்டனர். நோயாளிக்காகக் கூட்டம் நிற்பதில்லை. நின்றால் அனைவருக்கும் ஆபத்து என்பது அக்காலப் பெருவழியின் நியதி. அதைக் கொடுமை என்று இன்று நாம் சொல்லலாம். இத்சிங் சொல்லவில்லை.

பொழுது சாயும் வேளையில் மலைக்கள்வர் வந்தனர். வில்லை வளைத்து, கூச்சலிட்டு, ஏளனம் செய்து, முதலில் மேலாடையையும் பின்னர்க் கீழாடையையும் உரிந்துகொண்டனர். இடைக்கச்சும் எஞ்சவில்லை. வெண்ணிறத்தார் அகப்பட்டால் கொன்று பலியிடுவர் என்று அந்நாட்டில் வழங்கிய பேச்சு அவர் நினைவுக்கு வந்தது. சேற்றுப்பள்ளம் ஒன்றில் இறங்கி உடல் முழுதும் சேற்றைப் பூசி, இலைகளால் மறைத்து, கோலை ஊன்றி மெல்ல நடந்தார். இரவின் இரண்டாம் யாமத்தில், ஊர்ப்புறத்தே தம் பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்டது. பிரதீபர் உறங்காமல் தேடிக்கொண்டிருந்தார்! ஆடை ஒன்று தந்தார். இத்சிங் குளத்தில் சேற்றைக் கழுவிக்கொண்டு ஊருக்குள் சென்றார். முன்னே சென்றவரே திரும்பி நின்று குரல் கொடுத்தார் என்பதை இளைஞர்கள் மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

பின்னர் நாளந்தாவை வணங்கினார், இராசகிருகத்தின் கிருத்ரகூட மலை ஏறினார், மகாபோதியை அடைந்தார். ஷாண்டுங் நாட்டு அன்பர்கள் கொடுத்தனுப்பிய பட்டில் ஆடை செய்து அங்குள்ள திருவுருவிற்குச் சாத்தினார். வரமுடியாதோர் பெயரைச் சொல்லி அவர்கள் சார்பிலும் வணங்கினார். அப்பட்டு கள்வர் கையில் சிக்காதது எவ்வாறு? மூட்டைகள் முன்னே சென்றோரிடம் இருந்திருத்தல் வேண்டும். அவ்வாறாயின், அவரைப் பின்தங்கச் செய்த நோயே பிறர் ஒப்படைத்த பொருளைக் காத்தது எனலாம்.

நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பயின்றார். அவர் எழுதிய நூலில் சமயவொழுக்கத்தோடு உடல் ஓம்பும் முறைக்கும் தனி இயல்கள் உண்டு. பத்துக்கு மேற்பட்ட பெருங்குளங்கள் அங்கிருந்தமையும், காலையில் மணி ஒலித்ததும் துறவியர் நீராடச் சென்றமையும், முற்பகலிலும் மாலையிலும் உலாவுதல் நோய் நீக்கிச் செரிமானம் தரும் என்று கருதியமையும் அவற்றால் அறிகிறோம். மருந்துகளுள் அவர் முதலிடம் தருவது பட்டினிக்கே. லாட நாட்டார் அரைத் திங்களோ ஒரு திங்களோ உண்ணாதிருப்பர்; மத்திய நாட்டில் மிகுதியாக ஒரு வாரம்; தென்கடல் தீவுகளில் இரண்டு மூன்று நாள். நோன்பு பழகிய நம் இல்லங்களில் இதைப் படிப்போர் வியப்படையமாட்டார்கள். ஆயினும் இது ஏழாம் நூற்றாண்டு மருத்துவம். இன்று சர்க்கரைநோய் உள்ள பெரியோர் பயணத்தில் இதைப் பின்பற்றத் துணிதல் ஆகாது.

தம் நாட்டில் மலத்தையும் சிறுநீரையும் மருந்தென்று கொடுத்துவிட்டு அதற்கு 'நாகக் கஷாயம்' என்று அழகிய பெயரும் சூட்டியிருந்ததை அவர் கடுமையாகச் சாடுகிறார். தாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிநாட்டில் இருந்தும் தேநீரும் ஜின்செங் கஷாயமுமே துணையாகப் பெருநோய் இன்றி வாழ்ந்ததாகக் கூறுகிறார். தண்ணீரைப் பற்றியும் விரிவாக எழுதுகிறார். மெல்லிய வெண்பட்டுத் துணியால் வடிகட்டுதல் வேண்டும். துணியில் தங்கிய சிற்றுயிர்களைத் துன்புறுத்தாது மீண்டும் நீரிலேயே விடுதல் வேண்டும் என்கிறார். நம் பாட்டிமார் கிணற்றடியில் துணியை உதறாமல் நீரில் அலசி விட்ட காட்சியைக் கண்டவர்களுக்கு இவ்வரிகள் அயலாருடையனவாகத் தோன்றா.

695இல், அறுபதாம் அகவையில், ஏறத்தாழ நானூறு நூல்களுடன் இத்சிங் லோயாங் நகர் சேர்ந்தார். பேரரசி வூ நேரில் வந்து எதிர்கொண்டார். மகாயானப்பிரதீபர் திரும்பவில்லை. குசிநகரத்து விகாரத்தில் அறுபது கடந்த அகவையில் அவர் மறைந்தார். அறம் தேடிப் புறப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவியரின் வரலாறுகளை இத்சிங் தொகுத்தபோது, கடலில் மூழ்கியோர், நாளந்தாவிலேயே முடிந்தோர், நோயால் வழியில் இறந்தோர் எனப் பலரைக் குறித்தார். பிரதீபருக்கு அதில் தனி வரலாறு உண்டு. ஸ்ரீவிஜயத்திலிருந்து நோயோடு வீடு திரும்பிய ஷான்சிங்கின் பெயரையும் அவர் விட்டுவிடவில்லை.