பாட்டுக்கும் பேர் விழ வேண்டும்

(வட்டவளையில் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிலாந்தில் போர்ட் ஐசக் என்றொரு சின்ன மீன்பிடி ஊர். கப்பலில் கயிறு இழுக்கும்போது பாடிய பழைய வேலைப் பாட்டுகளை அங்கே சில நண்பர்கள் சேர்ந்து பாடி வந்தார்கள். 2010இல் பெரிய இசைக் கம்பனி ஒன்று அவர்களோடு ஒப்பந்தம் செய்தது. 2019இல் அவர்கள் கதை படமாகவும் வந்தது. பார்க்க மனம் குளிரும். ஆனால் இப்படிப்பட்ட படங்கள் கைதட்டலோடு முடிந்துவிடும். நாம் கேட்க வேண்டிய கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நம்முடைய கதையையே எடுத்துக்கொள்வோம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படிப் பிரிந்த குடும்பங்கள் இந்த லயங்களில் எத்தனை! இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் தமிழ்நாடு திரும்பிய வள்ளியம்மாளின் பேரன்தான் பாடகர் அறிவு. பாட்டி சொன்ன கதைகளிலிருந்து பிறந்த 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்தது. கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். காணொளியில் வள்ளியம்மாளும் வருகிறார். நமக்கெல்லாம் பெருமை.

பிறகு நடந்தது என்ன? அதே ஆண்டு ஒரு பிரபல இசைச் சஞ்சிகை இந்தப் பாட்டைப் பேசி அட்டைப்படம் போட்டது. அதில் அறிவு இல்லை. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று கலைஞர்களுக்குள்ளேயே வாதம் எழுந்தது. தங்களுக்கு அதிலிருந்து ஒரு சதமும் வரவில்லை என்று 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாகச் சொன்னார்.

இது நமக்குப் புதிதா? காலையிலிருந்து மலை ஏறிக் கொழுந்து பறித்தாலும், செக்ரோலில் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. பாட்டுக்கும் அதே கணக்குத்தான். புகழ் வேறு, பேர் வேறு. புகழ் காற்றோடு போகும். எழுதிய பேர்தான் நிற்கும்.

இதை அன்றே உணர்ந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. தொழிற்சங்கவாதியாகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர், நம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். பாட்டைக் காப்பதும் சங்க வேலை என்று காட்டினார்.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். ஒன்று, பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ ஒரு பாட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதட்டும். தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாட்டு, எதுவானாலும் சரி. பாடியவர் பேர், தோட்டம், டிவிசன், யாரிடம் கற்றது, எல்லாம் பாட்டின் மேலேயே இருக்க வேண்டும். இரண்டு, போனில் பதிவதற்கு முன் பாடுகிறவரிடம் சம்மதம் கேட்போம். மூன்று, வெளியிலிருந்து பதிவு செய்ய வருபவரை மரியாதையோடு வரவேற்போம். யார் பேரில் வெளிவரும், வருமானம் வந்தால் யாருக்கு என்று எழுத்தில் கேட்போம். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் தலைவரையோ தலைவியையோ கூட்டிக்கொள்ளுங்கள். சங்கம் எதற்கு இருக்கிறது?

தப்படிக்கும் அண்ணனும் ஒப்பாரி பாடும் அம்மாயியும் நாளைக்கு இல்லாமல் போகலாம். அவர்களுக்குப் பேர் போடுவது நம் கையில்தான் இருக்கிறது. இந்த மாதமே தொடங்குவோம்.