உள்ளங்காலில் ஒரு வரைபடம்: ரிஃப்ளெக்ஸாலஜியும் என் கிட்னியும்

தூக்கம் பற்றிப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி, "ஃபுட் ரிஃப்ளெக்ஸாலஜி போனா நல்லாத் தூக்கம் வருமா?" வரும். எனக்கு அந்த நாற்காலியிலேயே வந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் மூணு ராத்திரி தூக்கமே வரலை. அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

ரிலீஸ் வாரம். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை. டீம்ல ஒருத்தன், "வாடா, கால் பிடிச்சுவிடுறாங்க, சொர்க்கம்" என்று ஆபீஸ் பக்கத்துல ஒரு சென்டருக்குக் கூட்டிட்டுப் போனான். மங்கலான விளக்கு, சாய்வு நாற்காலி, கீழே வெந்நீர் டப். சுவரில் இரண்டு பாதங்களின் பெரிய படம், கலர் கலராக உறுப்புகளின் பெயர்கள்.

அந்தப் படம்தான் ரிஃப்ளெக்ஸாலஜியின் மையம். உடம்பு முழுக்க பாதத்தில் சின்னதா வரைஞ்சு வெச்சிருக்கு என்பதுதான் நம்பிக்கை. கால் விரல்கள் தலைக்கு. விரல்களுக்குக் கீழே இருக்கும் மேடு நுரையீரலுக்கு. நடுப்பள்ளம் வயிற்றுக்கும் குடலுக்கும். குதிகால் இடுப்புக்கு. பாதத்தின் உள் விளிம்பு முதுகெலும்பு. கல்லீரல் நமக்கு வலப்பக்கம் இருப்பதால் வலது காலில். லாஜிக் அழகாத்தான் இருக்கு, ஒத்துக்கணும்.

முறையா செய்யறவங்க முதல்ல நம்ம உடல்நிலை, சாப்பிடும் மாத்திரை, பழைய ஆபரேஷன் எல்லாம் கேட்பாங்க. அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேலை. சாதாரண மசாஜ் மாதிரி எண்ணெய் தடவி நீவறது இல்லை. கட்டைவிரலை மடக்கி மடக்கி, கம்பளிப்பூச்சி நகர்ற மாதிரி, பாதம் முழுக்க அழுத்திக்கிட்டே போவாங்க. ஒரு இடத்துல வலிச்சாலோ, மணல் மாதிரி நறநறன்னு பட்டாலோ, அங்கே கொஞ்சம் அதிக நேரம். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. சில இடங்களில் மரக்குச்சி வெச்சு அழுத்துவாங்க. எனக்கு அது பிடிக்கலை.

பழங்கால எகிப்தில் தோன்றியது என்று பல சென்டர்களில் எழுதி வெச்சிருப்பாங்க. சக்காராவில் அங்க்மஹோர் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் கை கால்களை யாரோ பிடிச்சுவிடுற சிற்பம் இருப்பது உண்மை, நாலாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. ஆனா உறுப்பு வரைபடம் எதுவும் அதில் இல்லை. நாம் இன்னிக்குப் பார்க்கும் முறை அமெரிக்காவில் பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், உடம்பைத் தலை முதல் கால் வரை நீளவாக்கில் பத்து மண்டலங்களாகப் பிரித்தார். ஒரு மண்டலத்தில் ஓரிடத்தை அழுத்தினா, அதே மண்டலத்தில் வேறிடத்தில் வலி குறையும் என்றார். விரல்களில் ரப்பர் பேண்ட், துணி கிளிப் எல்லாம் மாட்டிப் பார்த்திருக்கிறார்! 1917ல் புத்தகமாவே வந்தது. அதுக்கப்புறம் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட் 1930களில் கவனத்தைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, இந்த வரைபடத்தை உருவாக்கினார். 1938ல் அவர் புத்தகம் வெளியானது. ஆக, சுவரில் தொங்கற அந்தப் படத்துக்கு நூறு வயசுகூட ஆகலை.

சரி, என் கதைக்கு வர்றேன். பாதி உறக்கத்தில் இருக்கேன். இடது உள்ளங்காலின் நடுவில் ஒரு அழுத்தம், துள்ளி எழுந்துட்டேன்.

"வலிக்குதா சார்?"

"ரொம்ப."

"கிட்னி பாயின்ட் சார். கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கு. பத்து சிட்டிங் எடுத்தா சரியாயிடும்."

சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல கிட்னி செயலிழப்பின் அறிகுறிகளைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். களைப்பு? இருக்கு. தூக்கமின்மை? இருக்கு. ரிலீஸ் வாரத்தில் எவனுக்குத்தான் இல்லை! நாலாம் நாள் லேபுக்குப் போய் கிரியாட்டினின், யூரின் டெஸ்ட் எல்லாம் எடுத்தேன். எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார், அதே இடத்தை அழுத்தினார், அதே வலி. "காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது வலிக்குதாப்பா?" ஆமா சார். குதிகாலிலிருந்து விரல் வரை போற பட்டை மாதிரியான தசைநார் இறுகியிருக்கு, அவ்வளவுதான். வலிச்சது கால். பிரச்சினையும் காலில்தான்.

நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒரே லாக் ஃபைலை ரெண்டு இன்ஜினியர்கிட்டக் கொடுத்து, ரெண்டு பேரும் வேற வேற பக் சொன்னா, அந்த லாகை நம்புவோமா? 2000ல் வெளியான ஒரு ஆய்வில் இதையே செஞ்சு பார்த்தாங்க. 18 பேர், குறிப்பிட்ட ஆறு உடல் பிரச்சினைகள். யாருக்கு என்ன இருக்குன்னு சொல்லாம, ரெண்டு ரிஃப்ளெக்ஸாலஜிஸ்ட்களிடம் பாதங்களைக் காட்டினாங்க. ரெண்டு பேர் மதிப்பீடும் ஒத்துப்போகவே இல்லை.

அதனால எல்லாமே சும்மான்னு சொல்ல மாட்டேன். 2012ல், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்த 385 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ரிஃப்ளெக்ஸாலஜி பெற்றவர்களுக்கு மூச்சுத்திணறலின் தீவிரம் குறைஞ்சது, அன்றாட வேலைகளைச் செய்யற திறன் கூடுச்சு. வலி, குமட்டல், பதற்றத்தில் வித்தியாசம் தெரியலை. அங்கே வழக்கமான சிகிச்சை நிற்கவே இல்லை, இது கூடுதல். ஒரு நோயை இது குணப்படுத்தும் என்பதற்கு, எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் குழு 2011ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் நம்பும்படியான ஆதாரம் கிடைக்கலை. ஆஸ்திரேலியாவில் 2019 ஏப்ரல் முதல், அரசு மானியம் பெறும் தனியார் காப்பீட்டில் இதுக்கு இடம் கிடையாது. ரிலாக்ஸ் ஆகப் போறீங்களா, தாராளமாப் போங்க. நானும் போவேன்.

ஆனா எங்க வீட்டில் அத்தோட முடியலை. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சுகர். கொஞ்ச நாளா கால் மரத்துப் போகுது. நான் போன கதையைச் சொன்னதும், "எனக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுடா"ன்னார்.

"வேண்டாம்பா."

"ஏன்டா, நீ மட்டும் போகலாம், நான் போகக் கூடாதா?"

இங்கேதான் நான் உறுதியா நின்னேன். உணர்ச்சி குறைஞ்ச காலில் வெந்நீர் சூடா இருக்கான்னு அவருக்குத் தெரியாது. குச்சி அழுத்தித் தோல் கிழிஞ்சாலும் தெரியாது. சுகர்காரங்களுக்கு ஒரு சின்னப் புண் விரலையே எடுக்கற அளவுக்குப் போகலாம். காலில் ரத்தக்கட்டி இருந்தவங்க, புண் அல்லது எலும்பு முறிவு இருக்கறவங்க, கர்ப்பிணிகள், இவங்க எல்லாரும் டாக்டரைக் கேட்காம இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. "எல்லாம் பாயின்ட்ல சரியாயிடும், மாத்திரையைக் குறைங்க"ன்னு யாராவது சொன்னா, காசைக் கொடுத்துட்டு எழுந்து வந்துடுங்க.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிட்டுப் போனேன். மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கிட்டு இருந்தார். நாலு இடத்தில் பதில் சொல்லலை. எனக்குத் தெரிஞ்சது, அவருக்குத் தெரியலை. திரும்பி வர்றப்போ ஆட்டோவில் ரெண்டு பேரும் பேசிக்கலை.

இப்போ தினமும் ராத்திரி அம்மா அவர் காலைத் தூக்கி மடியில் வெச்சு, விரல் இடுக்கு வரை பார்த்துட்டு, உள்ளங்காலில் மட்டும் லேசா தேங்காய் எண்ணெய் தடவறாங்க. "என்ன பாயின்ட்டு அது, கிட்னியா?"ன்னு அப்பா என்னைப் பார்த்துக் கேட்பார்.

உங்க வீட்டில் சுகர் இருக்கறவங்க காலைக் கடைசியா எப்போ பார்த்தீங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பேசலாம்.